பின்னேரப் பள்ளிக்கூடம்

நூற்றாண்டு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்போது இதுதான் கதை. கனடாவில் இருப்பவர் பள்ளிக்கூடக் கிணற்றடி மாமரத்தைப் பற்றிக் குரல்பதிவு அனுப்புகிறார். பாரிசில் இருப்பவர் அதைக் கேட்டு அழுததாக எழுதுகிறார். கிணற்றடியில் நின்றது மாமரமில்லை, இலுப்பை. மயிர்க்கொட்டிப் புழுவுக்குப் பயந்து நம்மில் ஒருவரும் அதன் கீழே போனதும் இல்லை. சரி, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் ஞாபகத்தில் மாங்காய் காய்த்தால் யாருக்கு என்ன நட்டம்? அழுகிறவர்கள் அழட்டும். எனக்கு அழுகை வருவதில்லை. அதனால் மரத்தை அவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

மலரின் வரலாற்றுப் பகுதியை என்னிடம் பிழை பார்க்கத் தந்தார்கள். பிழை அதிகமில்லை. சந்தியில் பாதிரிமாரின் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் அங்கே படிக்கப் போய் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிடுவார்கள் என்று பயந்த பெரியவர்கள் கோயில் வீதியில் கூடிப் பேசி, கூப்பிடு தூரத்தில் தென்னோலை வேய்ந்த ஒரு கிடுகுக் கொட்டிலைப் போட்டார்கள். அதுதான் நம் பள்ளிக்கூடம். சைவத்தின் மேல் இருந்த பற்று பாதி, போட்டி பாதி. அந்தக் கொட்டிலில் சில பிள்ளைகள் வாங்குப் பலகையிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் இருத்தப்பட்டார்கள் என்பதை மலர் எழுதவில்லை. பிறகு அரசாங்கம் இரண்டு பள்ளிக்கூடத்தையும் எடுத்தது. பிறகு ஓட்டுக் கூரை, மேல்மாடி, பரிசளிப்பு விழா. பிறகு ஒரே ஒரு வரி: இடப்பெயர்வுக் காலத்தில் பாடசாலை பிற இடங்களில் மாலை நேரத்தில் இயங்கியது.

வரி சரிதான். பின்னேரப் பள்ளிக்கூடம் என்று நாம் சொன்னதை மாலை நேரம் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வரிக்குள் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் படிப்பு கிடக்கிறது. என் அக்காவின் படிப்பு. அதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தால் நல்லது என்று சில வேளை நினைத்ததுண்டு, வரவில்லை.

சண்டை தொடங்கி ஊர் ஒரே நாளில் வெளிக்கிட்டது உங்களுக்குத் தெரியும். கீரிமலைப் பக்கமிருந்து தொடங்கிய சனம் தெற்கு நோக்கி நடந்தது. நாங்கள் சுன்னாகத்துக்கு அப்பால் ஒரு தோட்டக்காரரின் வெங்காயக் கொட்டிலில் போய் ஒதுங்கினோம். கூரை வளையெல்லாம் வெங்காயப் பிடி கட்டித் தொங்கும். கீழே நாங்கள் பாய் விரித்துப் படுப்போம். காற்று அடித்தால் சருகு முகத்தில் கொட்டும். சவர்க்காரம் இல்லாத காலம், பனம்பழத்தில் தோய்த்த வெள்ளைச் சட்டையில் பனம்பழ மணமும் வெங்காய மணமும் சேர்ந்து அடிக்கும். அப்பா நம் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார். நீங்கள் எல்லோரும் அவரிடம் குட்டு வாங்கியிருக்கிறீர்கள், விவரிக்கத் தேவையில்லை. அக்காவுக்குப் பதினோராம் ஆண்டு முடிவில் வரும் ஓஎல் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஆறாம் வகுப்பு.

அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடம் நமக்கு இடம் தந்தது. காலையில் அவர்கள், மத்தியானத்துக்குப் பிறகு நாம். மணி அடித்ததும் அவர்கள் வெளியே வருவார்கள். நாம் வேலி நிழலில் வரிசையாக நிற்போம். கடந்து போகும்போது சிலர் மூக்கைப் பொத்துவார்கள். உள்ளே போய் இருந்தால் வாங்கு சூடாக இருக்கும், யாரோ இருந்து எழும்பிய சூடு. மேசைக்குள் பென்சில் சீவல், பாதி கடித்த பணிஸ், உடைந்த அடிமட்டம் எல்லாம் கிடக்கும். முதல் கிழமை எனக்கு அது அருவருப்பாக இருந்தது. பிறகு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வருடம் எதற்கும் அப்படித்தான். முதல் தடவை குண்டு போடப் பொம்மர் வந்தபோது பங்கருக்குள் நடுங்கினோம். போகப் போக உள்ளே இருந்தபடி கெந்தித் தொட்டு விளையாட முடியாதே என்றுதான் கவலைப்பட்டோம்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் அப்பா நம் பள்ளிக்கூடத்தின் பெயரைத் தன் கையால் எழுதியிருந்தார். ஒவ்வொரு மத்தியானமும் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, அவர்களுடைய பெயர்ப்பலகையின் மேல் ஆணியில் கொழுவுவார். பின்னேரம் கழற்றுவார். மழையென்றாலும் தவறவிடமாட்டார். நம் அதிபர்கூட, “மாஸ்டர், பலகை இல்லாட்டிலும் பிள்ளையளுக்கு வழி தெரியும்தானே” என்று ஒருநாள் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

நம் விஞ்ஞான மாஸ்டர் இடப்பெயர்வோடு கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து வேறு எங்கோ போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. விஞ்ஞானப் பாடம் வந்தால் அக்காவின் வகுப்பு சும்மா இருக்கும், அல்லது அப்பா வந்து இன்னொரு தரம் கணக்குப் படிப்பிப்பார். அக்காவுக்கு விஞ்ஞானம்தான் உயிர். ஊரில் இருந்தபோது தவளையை வெட்டிப் பார்க்கப்போகிறேன் என்று அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து அடி வாங்கியவள். ஓஎல் முடிய ஏஎல்லுக்குப் பயோ படித்துக் கம்பஸ் போவாள் என்று அப்பாவே வருகிறவர்களிடம் சொல்வார்.

அக்காவின் வகுப்பு நடந்த அறையில் காலையில் அவர்களுடைய பதினோராம் ஆண்டு நடந்தது. அவர்களின் கடைசிப் பாடம் விஞ்ஞானம். மணி அடித்த கையோடு விஞ்ஞான ரீச்சர் போய்விடுவதால் எழுதியதெல்லாம் கரும்பலகையில் அப்படியே கிடக்கும். கரும்பலகையை அழிக்கிற வேலையை அக்கா தானாகக் கேட்டு வாங்கினாள். வாங்கிவிட்டு அழிக்காமல் நின்று கொப்பியில் பார்த்து எழுதுவாள். நம் ரீச்சர்மார் வந்து, “இன்னும் அழிக்கேல்லையே பிள்ளை” என்று கேட்பார்கள். “இந்தா ரீச்சர், ஒரு நிமிசம்” என்பாள். அப்பாவின் பாடம் என்றால் அந்தத் தொல்லையும் இல்லை. ஒருநாள் நான் ஏதோ கேட்க அந்த அறை வாசலுக்குப் போனேன். கரும்பலகை நிறைய ஒரு பெரிய இதயம், நாலு அறையோடும் குழாய்களோடும். அப்பா அதைத் தொடாமல் வலது மூலையில் ஒரு முழ இடத்துக்குள் சமன்பாட்டைப் பொடிப்பொடியாக எழுதிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத இடம்.

கரும்பலகையில் மிஞ்சுவது பாடத்தின் பின்பாதிதான். முன்பாதியை ரீச்சரே இடத்துக்காக அழித்திருப்பார். அதனால் அக்காவின் விஞ்ஞானக் கொப்பியில் ஒரு பாடத்துக்கும் தொடக்கம் இருக்காது. ஒருநாள் அக்கா பொறுக்கமுடியாமல் பலகையின் அடியில் சின்னதாக ஒரு கேள்வி எழுதிவிட்டு வந்தாள். அடுத்த நாள் மத்தியானம் அதற்குக் கீழே பதில் இருந்தது. பிறகு அது வழக்கமாகிப்போனது. இவள் பின்னேரம் கேட்பாள், அவர் மத்தியானம் பதில் சொல்வார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

ஒருநாள் அந்த ரீச்சர் வீட்டுக்குப் போகாமல் அறையிலேயே இருந்து, வந்தவளைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். இளம் வயது. இருக்கக் கதிரை இல்லை என்று அம்மா உரலைக் கவிழ்த்துப் போட்டார்.

“மாஸ்டர், உங்கடை மூத்தவவைக் காலமை எங்களிட்டை விடுங்கோ. எங்கடை அதிபரோடை கதைச்சிட்டன். அவ ஓம் எண்டிட்டா.”

“உங்களுக்குப் பெரிய மனசு, ரீச்சர்,” என்றார் அப்பா.

“மனசில்லை மாஸ்டர். பாதியைப் பார்த்திட்டு மிச்சப் பாதியைக் கேக்குது பிள்ளை. என்ரை வகுப்புப் பிள்ளையள் முழுசையும் பார்த்திட்டு ஒண்டும் கேக்கினமில்லை.”

அப்பா தலைக்கு மேலே தொங்கிய வெங்காயத்தைப் பார்த்தார்.

“வாத்தியாற்றை பிள்ளையே மாறிப்போச்சுது எண்டால் மற்றத் தாய் தேப்பன் சும்மா இருப்பினமே ரீச்சர்? வசதியுள்ளதுகள் எல்லாம் பின்னாலை போகும். பிறகு கல்விக் கந்தோராலை வந்து, ஆக்கள் காணாது, உங்கடை பள்ளிக்கூடத்தோடை இணையுங்கோ எண்டுவினம்.”

“இணைச்சால்தான் என்ன மாஸ்டர்?”

“இணைச்சால் காம்ப் பிள்ளையளை ஆர் எடுப்பினம்? உங்கடை பள்ளிக்கூடம் எடுக்குமே?”

கோயில் மடத்திலும் நெசவுசாலையிலும் முகாமில் இருந்த பிள்ளைகளைத்தான் அப்பா சொன்னார். அவர்களின் பாட்டன்மார்தான் கிடுகுக் கொட்டில் காலத்தில் நிலத்தில் இருந்தவர்கள். சொந்தக்காரர் வீடும் வெளிநாட்டுக் காசும் உள்ளவர்கள் ஒவ்வொருவராக மாறிப்போக, கடைசியில் அந்தப் பிள்ளைகளின் வரவில்தான் நம் பள்ளிக்கூடம் நின்றது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவர்களை எடுத்திராது என்பதும் உண்மை. அப்பா பொய் சொல்லவில்லை. அவர் அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான் நின்றார். இதை எழுதாமல் விட்டால் அவருக்குச் செய்கிற அநியாயம்.

“தைப்பொங்கலுக்கு முன்னம் ஊருக்குப் போயிடுவம் ரீச்சர்,” என்றார் அப்பா. “போன உடனை விஞ்ஞானத்துக்கு ஆள் கேட்டு எழுதுவன். சோதினைக்கு இன்னும் காலம் கிடக்கு.”

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். அடுப்படியில் நின்றபடி சொன்னாள்.

“அப்பா, நான் காலமையும் போறன், பின்னேரமும் வாறன். பேர் எங்கடை பள்ளிக்கூடத்திலையே இருக்கட்டும்.”

“ஒரு பிள்ளை ரெண்டு பள்ளிக்கூடத்திலை படிக்கேலாது,” என்றார் அப்பா. திரும்பிப் பார்க்கவில்லை. ரீச்சரைப் பார்த்தபடிதான் சொன்னார்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ரீச்சர் குடித்துவிட்டுப் போனார். இப்போது யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்ன வழியில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் காலத்தில் யார் எந்தச் சட்டத்தைப் பார்த்தார்கள்? ஒரு கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிக்கூடம் நடக்கலாம், ஒரு பலகையின் மேல் இன்னொரு பலகை தொங்கலாம், ஒரு பிள்ளை மட்டும் இரண்டிலும் இருக்கக்கூடாதாம். சொன்னவள் வளர்ந்த ஆளாக இருந்திருந்தால் அப்பா ஒரு நிமிடம் யோசித்திருப்பார். அடுப்படியில் நின்ற பெட்டையின் வாயிலிருந்து வந்ததால் அது அவர் காதில் ஒரு யோசனையாக விழவேயில்லை.

பொங்கல் வந்தது, போகவில்லை. சித்திரைக்கு என்றார்கள். அதுவும் போனது. அப்பா எந்த நாளைச் சொன்னாலும் நாங்கள் நம்பினோம். நம் எல்லோருடைய வீட்டிலும் இதுதானே நடந்தது. கோயில் திருவிழாவுக்கு, வெங்காயம் நடுகைக்கு, மழைக்கு முன் என்று ஒவ்வொன்றாக நாள் வைத்தோம். நாளைக்குத் திரும்பிப் போகப்போகிறவர்கள் இன்றைக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை ஏன் மாற்றவேண்டும்? போகும்போது பள்ளிக்கூடமாகவே போகவேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். அதிபர், வாத்தியார், வரவு எல்லாம் குறையாமல் போய், அந்தப் பழைய வகுப்புகளில் அப்படியே இருக்கவேண்டும்.

அடுத்த தவணை தொடங்கிய கிழமையில் நம் அதிபரின் பிள்ளைகள் இரண்டு பேரும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் மாமன் வீட்டில் நின்று ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்று கதை வந்தது. அதிபரும் மறைக்கவில்லை. அப்பா அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் விடியவே அக்கா எழும்பி முழுகி, வெள்ளைச் சட்டை போட்டு, ரை கட்டி, இரட்டைப் பின்னலும் பின்னிக்கொண்டு கொட்டில் வாசலில் வந்து இருந்தாள். மடியில் கொப்பி. காலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா முகம் கழுவிவிட்டு வந்து அவளைப் பார்த்தார்.

“பின்னேரப் பள்ளிக்கு இப்பவே ஏன் உடுத்திருக்கிறாய்?”

அக்கா அவரைப் பார்த்தாள். அப்பா துவாயைக் கொடியில் போட்டுவிட்டுத் தோட்டப் பக்கம் போனார். அக்கா உடுப்பை மாற்றவில்லை. மத்தியானம் வரை அப்படியே அந்த வாசலில் இருந்தாள். பிறகு எழும்பி என்னையும் கூட்டிக்கொண்டு பின்னேரப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அழுதும் நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் அழுதிருந்தால் அப்பா இளகியிருப்பாரோ என்று எனக்கு இப்போதும் ஒரு யோசனை உண்டு.

கரும்பலகை கொஞ்சக் காலம் தொடர்ந்தது. ரீச்சர் முன்பைவிட விரிவாக எழுதினார். படங்களுக்குக் கீழே அவர் வகுப்புக்குத் தேவையில்லாத விளக்கமெல்லாம் இருக்கும். பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு வந்தவர் மிகவும் துப்புரவானவர். மணி அடித்ததும் ஈரத் துணியால் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் அறையை விட்டுப் போவார். நாங்கள் உள்ளே போகும்போது பலகை கறுப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

சோதனை மறுமொழி வந்தது. கணிதத்துக்கு அதிவிசேட சித்தி டி, தமிழுக்கு டி, மற்றதெல்லாம் டியும் சியும். விஞ்ஞானத்துக்கு எஸ். தட்டித்தடவிப் பாஸ். பயோ படிக்க அது போதாது. ஆறுமாதம் ஒரு ரீச்சரின் முன்னால் இருந்திருந்தால் அவள் எங்கேயோ போயிருப்பாள். அப்பா மறுமொழியைப் பார்த்துவிட்டு, “ஆட்ஸ் படிச்சாலும் கம்பஸ் போகலாம்,” என்றார். அக்கா “ஓம்” என்றாள். ஏஎல்லுக்குக் கலைப்பிரிவில் ஆட்ஸ் படித்தாள். ஏஎல் சோதனை நேரம் மறுபடியும் இடம்பெயர்ந்து ஓட்டம். கம்பஸ் கிடைக்கவில்லை. சங்கக்கடையில் வேலை, பிறகு கலியாணம், பிறகு பிள்ளைகள்.

என் விசயமும் சொல்லவேண்டும். நான் பத்தாம் ஆண்டுக்கு வந்தபோது அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ரவுண் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அப்போதும் நம் பள்ளிக்கூடம் இன்னொரு இடத்தில் பின்னேரம் நடந்துகொண்டுதான் இருந்தது, அப்பாவும் பலகை கொழுவிக்கொண்டுதான் இருந்தார். நான் விஞ்ஞானம் படித்தேன். அந்தப் படிப்பில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். நான் ரவுணுக்குப் போன முதல் நாள் அக்காதான் என் சட்டையை அயன்பெட்டியால் மினுக்கித் தந்தாள். நன்றாக மினுக்கியிருந்தாள்.

பள்ளிக்கூடம் சாகவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இடம் இடமாக அலைந்து, நம் பிள்ளைகள் காலம் வரை நின்று, இராணுவம் காணிகளை விட்டபோது ஊருக்குத் திரும்பிப் போனது. கட்டடம் புதுசு, பெயின்ற் புதுசு. பிள்ளைகள்தான் இல்லை. திரும்பி வந்த குடும்பங்கள் கொஞ்சம், அதிலும் வசதியுள்ளவர்கள் ரவுணுக்கு வாடகை வான் வண்டி பிடித்து அனுப்புகிறார்கள். இப்போதும் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அன்றைக்கு முகாமில் இருந்தவர்களின் பிள்ளைகள்தான். ஆள் கூடாவிட்டால் இணைத்துவிடுவோம் என்று கந்தோரில் திரும்பவும் சொல்கிறார்களாம்.

அப்பாவுக்கு இப்போது நல்ல வயது. அக்கா வீட்டில்தான் இருக்கிறார். போன தை மாதம், புது வகுப்புத் தொடங்குகிற நேரம், நானும் அங்கே நின்றேன். காலை நேரம். அக்கா தன் கடைசிப் பெட்டைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை ஆறாம் வகுப்பு, ரவுண் பள்ளிக்கூடம், வான் வருகிற நேரம். அப்பா வாசல் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை,” என்று அக்காவைக் கூப்பிட்டார். “இவளை எங்கடை பள்ளிக்கூடத்திலை விட்டால் என்ன? ஆறாம் வகுப்பிலை ஆக்களே இல்லையாம். வாத்தியாற்றை பேத்தி வந்தால் மற்றதுகளும் வரும்.”

அக்கா சீப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“இல்லை அப்பா. இவள் ரவுணுக்குப் போகட்டும்.”

குரல் உயரவில்லை. அப்பா ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஓம். அதுதான் சரி.” அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னார். “அண்டைக்கு நீயும் உப்பிடி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பன்.”

அக்காவின் கை நிற்கவில்லை. ரிபனை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“சொன்னனான், அப்பா.”

வான் வந்து கோர்ன் அடித்தது. பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பா, “எப்ப?” என்று கேட்டார். அக்கா பிள்ளையின் பின்னால் போய், அவளை வானில் ஏற்றி, கையைக் காட்டி, படலையைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேத்தண்ணி போடட்டோ, அப்பா?” என்று கேட்டாள்.